எட்டங்குல வால்வும் என் ஈரக்குலையும்

கப்பலூர்,
வியாழக்கிழமை.

கோயம்புத்தூரில் வார்ப்படப் பட்டறை நடத்தும் மரியாதைக்குரிய மச்சான் மலைச்சாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை தாமரைச்செல்வியின் கணவன் வெள்ளைத்துரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர அனைவரும் நலம். தங்கள் முழங்கால் வலி தேவலையா? ஃபோனில் பேசலாம்தான்; ஆனால் என் குரல் நடுங்குவது தாமரைக்குக் கேட்டுவிடும்.

பதினெட்டு வருஷமாகத் தண்ணீர் வால்வு செய்கிறேன். உள்ளே ஒரு தகடு. திருப்பினால் தண்ணீர் போகும், மூடினால் நிற்கும். அவ்வளவுதான் என்றிருந்தேன். போன மாதம் குடிநீர்த் திட்டத்துக்கு எட்டங்குலத்தில் அறுபது வால்வு கேட்ட கம்பெனிக்காரர்கள், தண்ணீர் உள்ளே எப்படி ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த அறிக்கையும் வேண்டும் என்றார்கள். அன்றைக்குப் போன தூக்கம்தான் மச்சான். அதற்கான சாஃப்ட்வேர் விற்கிறவர் டை கட்டிக்கொண்டு வந்து, ஒரு வருட உரிமத்துக்குச் சொன்ன தொகைக்கு நான் இரண்டு லேத் வாங்கிவிடுவேன். "ஒரு வருசம் முடிஞ்சா?" என்றேன். "மறுபடி கட்டணும் சார்" என்றார். அவருக்கு வாங்கிவைத்த காபியை நானே குடித்துவிட்டேன். அடுத்து, கம்ப்யூட்டர் கடை பீமாராவ் வந்து, "அண்ணே, அதே சாஃப்ட்வேர அம்புட்டும் சும்மா போட்டுத் தாரேன், நெட்ட மட்டும் பிடுங்கிப் போட்ருங்க" என்று காதோடு சொன்னார். திருட்டுப் பிரதியாம். யோசித்துச் சொல்கிறேன் என்றதற்கே, மறுநாள் வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து நின்றபோது வக்கீல் என்று நினைத்துப் பின்பக்கமாகப் போய்விட்டேன். அவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்.

நம் டிசைன் இன்ஜினியர் முத்துமீனா, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிற சாஃப்ட்வேர் ஒன்றை நெட்டில் பிடித்தாள். ஓட விட்டாள். சாப்பாட்டு நேரம் வந்தது, வாடகை மீட்டர் நிற்கவில்லை. பயத்தில் நான் ஓடிப்போய்ப் பட்டறையின் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டேன். இருட்டில் அவள் குரல் மட்டும் வந்தது: "சார், ஓடுறது நம்ம கம்ப்யூட்டர்ல இல்ல. எங்கயோ இருக்கிற கம்ப்யூட்டர்ல. நீங்க அணைச்சது நம்ம ஃபேன."

கடைசியில் உண்மையாகவே இலவசமான ஒன்று, சட்டப்படியே கிடைத்தது. பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய வேண்டும். முத்துமீனா மூன்று வாரம் படித்து ஓட்டினாள். படம் வந்தது. வால்வு முழுக்க ரத்தச் சிவப்பு! "சிவப்புன்னா என்னம்மா?" "அழுத்தம் சார். இம்புட்டு வரக்கூடாதே..." அவள் முடிப்பதற்குள் நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இதுவரை விற்ற வால்வெல்லாம் ஊர் ஊராக வெடிப்பது போல் தெரிந்தது. எழுமலையில் முதலில் வெடிக்குமா, திருவாதவூரிலா என்று யோசித்தபடி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

நேற்று அவளே பிழையைக் கண்டுபிடித்தாள். வரைபடத்தில் இருநூறு மில்லிமீட்டர். சாஃப்ட்வேர் அதை இருநூறு மீட்டராக எடுத்துக்கொண்டதாம். அழகர்மலைக்கு வால்வு மாட்டினால் சிவக்காமல் என்ன செய்யும்? அளவைத் திருத்தி ஓட்டினாள். இன்று காலை புதுப் படம் வந்துவிட்டது. சிவப்பு ஒரு சொட்டு இல்லை. தகட்டின் பின்னால் குளுகுளுவென்று நீலம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது மச்சான்.

ஆகவே இனிப் பயமில்லை. வரைபடம் இத்துடன் இருக்கிறது; அறுபதுக்கும் வார்ப்பைத் தொடங்கிவிடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

தங்கள் அன்புள்ள,
வெள்ளைத்துரை.

பி.கு.: உறையை ஒட்டும்போது முத்துமீனா வந்தாள். "சார், நீலத்துக்குத்தான் பயப்படணும்" என்கிறாள். தகட்டின் பின்னால் அழுத்தம் படுத்துவிட்டதால், சூடே இல்லாமல் தண்ணீர் கொதித்துக் குமிழி விடுமாம். குமிழி வெடித்து இரும்பைத் தின்னுமாம். நம்பாமல், சீல் மாற்ற வந்திருந்த பழைய வால்வைத் திறந்தேன். தகட்டின் பின்பக்கம் கறையான் அரித்த பலகை மாதிரி இருக்கிறது. இந்த அரிப்புக்கு இத்தனை வருஷம் உப்புத் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தேன். வார்ப்பைத் தொடங்காதீர்கள்; வரைபடத்தை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். தகட்டின் வடிவத்தை மாற்ற ஒரு மாதம் வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதியாயிற்று. நாளைக்கு நானும் முத்துமீனாவும் திருவாதவூரில் மாட்டிய நான்கையும் கழற்றிப் பார்க்கப் போகிறோம். தாமரையிடம் கல்யாண வீடு என்று சொல்லியிருக்கிறேன். அவள் உங்களிடம் கேட்டால், யார் கல்யாணம் என்று மட்டும் நீங்கள் யோசித்து வையுங்கள்.