டிவியின் ஆயுசில் முன்பாதி

இனிமேல் என் வீட்டில் ஏழு மணிக்குச் செய்திதான் ஓடும் என்று நான் சபதம் எடுத்தது 2008 ஆவணியில். அதற்கு முன் பல வருஷமாக ஏழு மணிக்குச் சீரியல்தான். நான் மிளகு வியாபாரி. எட்டாவது தாண்டாதவன். நான் வருவது தெரிந்தால் நாமக்கல் மண்டிக்காரர்கள் என் மனக்கணக்குக்கு வெட்கிக் கால்குலேட்டரை ஒளித்து வைப்பார்கள். ஆனால் என் வீட்டு ரிமோட் என் பேச்சைக் கேட்டதில்லை. அது என் மனைவி அத்தாயியின் மடியில் குடியிருந்தது.

பழைய டிவி மண்டையைப் போட்டது எனக்கு வசதியாகப் போயிற்று. பிக்சர் டியூப் வைத்த பெட்டி. ரிப்பேருக்காக மூன்று முறை என் மடியில் உட்கார்ந்து எங்கள் மலையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கியது. கீழே நேராக்கிய படம், மேலே வருவதற்குள் மறுபடி கோணிக்கொள்ளும். எனக்குத் தொடை மரத்ததுதான் மிச்சம்.

நாமக்கல்லில் கவியரசன் கடைக்குப் போனேன்.

“எது ரொம்ப நாள் உழைக்கும்? எது கம்மியாத் தின்னும்?”

“டியூப்புன்னா பத்துப் பதினஞ்சு வருஷம் ஓடுமுங்க. தூக்கத்தான் ரெண்டு ஆளு வேணும். பிளாஸ்மா, படம் தங்கமாட்டம் இருக்கும், ஆனா கரண்டை மடக்கு மடக்குன்னு குடிக்கும். எல்சிடி கம்மியாக் குடிக்கும். உள்ள ஒரு லைட்டு எரியுது பாருங்க, அதுக்கு அறுபதாயிரம் மணி நேரம் ஆயுசு.”

“கடைசியாச் சொல்லு.”

“விலையைங்களா?”

“மணி நேரத்தை.”

பச்சை மிளகு மூன்று கிலோ காய்ந்தால் ஒரு கிலோ. எவன் எந்தக் கணக்குச் சொன்னாலும் மூன்றில் ஒன்றுதான் நிற்கும் என்பது நான் அடிபட்டுக் கற்றது. கத்தினேன். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையம் வரை போய்த் திரும்பி வந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஆள் விழுந்தான்.

“சரிங்க, இருபதாயிரம்னே வச்சுக்கங்க.”

“ஆயுசு முடிஞ்சா என்ன ஆகும்? வெடிக்குமா?”

“இல்லீங்க. வெளிச்சம் பாதியாப் போயிரும். அதைத்தான் ஆயுசுங்கறது. அப்புறமும் படம் தெரியும், மங்கலா.”

எல்சிடியை வாங்கினேன். விலையைக் குறைக்க மறந்தது பஸ் அடிவாரத்துக் காரவள்ளி தாண்டியபோதுதான் உறைத்தது.

வளைவுகளில் யோசித்துக்கொண்டே வந்தேன். வெளிச்சம் பாதியானால் ஆயுசு முடிந்தது என்று மனுஷனுக்கும் கணக்கு வைத்தால், ஐம்பத்து நாலு வயசில் நான் எப்போதோ முடிந்தவன். கண்ணாடி இல்லாமல் தராசு முள் தெரிவதில்லை. கோபம் ஒன்றுதான் இன்னும் முழு வெளிச்சத்தில் எரிகிறது. அதன் பராமரிப்புக்குத் தினம் ரெண்டு ரத்தக்கொதிப்பு மாத்திரை. என்னோடு இருபத்தெட்டு வருஷம் ஓடிய அத்தாயிக்கு மட்டும் ஏன் மங்கவில்லை? கத்தாமல் இருந்தே கரண்டை மிச்சம் பிடித்துவிட்டாளோ என்னவோ.

நாற்பதாவது வளைவில் திட்டம் பிறந்தது.

வீட்டில் அத்தாயி மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அத்தாயி, இதுக்கு ஆயுசு இருபதாயிரம் மணி நேரம். தினம் நமக்குள்ள சண்டை வேண்டாம். ரெண்டு பாகமாப் பிரிச்சிட்டேன். முன்பாதி ஒருத்தருக்கு, பின்பாதி ஒருத்தருக்கு. எவங்க பாகம் ஓடுதோ அவங்க கையில ரிமோட்டு.”

“தினம் நாலு மணி நேரம் ஓடுனா முன்பாதி எத்தனை வருஷமுங்க?”

“ஏழுக்குக் கொஞ்சம் கம்மி. அதை நான் எடுத்துக்கறேன். அப்புறம் பூரா உன் ராஜ்யம். நான் கேக்கவே மாட்டேன்.”

மங்கலைப் பற்றி மூச்சு விடவில்லை.

“பிரிச்சது நீங்கதானுங்களே?”

“நானேதான். குண்டுமணி பிசகாத சரிபாதி.”

“ஏனுங்க, உங்களுக்கும் உங்க தம்பிக்கும் காடு பிரிச்சப்ப பாகம் போட்டது யாரு?”

“நான்தான். மூத்தவன் போடணும்.”

“முதல்ல எடுத்தது?”

பாகம் போட்டவன் முதலில் எடுக்கக்கூடாது. அது பிரிக்கிறவன் கைக்கு எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் போட்ட பூட்டு.

“தம்பி,” என்றேன்.

“அப்ப எனக்கு முன்பாதி.”

“பின்பாதியும் அதே பத்தாயிரம்தான் புள்ள. அதுல என்ன குறையைக் கண்ட?”

“என்ன குறைன்னு எனக்குத் தெரியாதுங்க. நல்ல மொளகை மூட்டைக்கு மேலதான கொட்டறீங்க? நீங்க அடியில வச்சுத் தர்றதை நான் எடுப்பனுங்களா?”

கத்தினேன். கூரை அதிரக் கத்தினேன். அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

“மெதுவாப் பேசுங்க. மாத்திரை தீந்து போச்சு.”

இப்போது ஏழு மணிக்குச் சீரியல் ஓடுகிறது, பளிச்சென்ற வெளிச்சத்தில். என் பாகம் 2015 ஆனியில் தொடங்கும். அத்தாயி கல்நெஞ்சக்காரி இல்லை. விளம்பரம் வரும்போது நான் செய்திக்கு மாற்றிக்கொள்ளலாம், அந்த நிமிஷங்கள் என் பாகத்தில் கழியும் என்று சொல்லியிருக்கிறாள்.

நேற்றுவரை என் பாகத்தில் ஒன்பது மணி நேரம் கழிந்துவிட்டது. இன்னும் ஒரு செய்திகூட நான் முழுசாகக் கேட்டதில்லை.