ஐடிலிங்கில் அணைகிற கார்

கேட்டைத் தாண்டுவதற்குள் கார் மூன்றாவது முறையாக அணைந்தது. மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்த மனைவி அவனைப் பார்த்தாள். அவன் வராந்தாவைப் பார்த்தான். வராந்தாவில் மாமனார் பேப்பரைப் பார்த்தார்.

காலையில் வரும்போது நன்றாகத்தான் ஓடியது. அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன். தன் பேச்சைக் கேட்காமல் மகள் அவனைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து, மூன்று வருடமாக மாமனாருக்கு அவளோடு பேச்சுவார்த்தை இல்லை. மாமியார் கெஞ்சியதால் இன்றுதான் முதல்முறையாக வந்திருந்தார்கள். அதுவும் காலையில் வந்து மாலையில் திரும்புவதாக ஏற்பாடு. எதிரே நிற்கும் மகளுக்குக்கூட மாமனார் மாமியார் வழியாகத்தான் சேதி அனுப்பினார். "தண்ணி வேணுமான்னு கேளு." மருமகனுக்கு அவர் வைத்த பெயர் கண்ணாடிக்காரன்.

முப்பது வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர் அவர். கொஞ்சம் எட்டிப் பாருங்களேன் என்று மாமியார் சொன்னதற்கு, தான் பார்த்ததெல்லாம் பஸ், பொம்மைகளுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை என்று பேப்பரைத் திருப்பினார்.

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது காரோடு வந்த புத்தகத்தை எடுத்து வரிவரியாகப் படித்தான். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் அணைகிறது. புத்தகம் சந்தேகப்பட்டது இஜிஆர் வால்வை. எஞ்சின் விடுகிற புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்கே அனுப்புகிற வால்வு அது. மெல்லிய ரப்பர் குழாய் வழியாக எஞ்சினின் வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, வந்தால் திறக்கும். வண்டி நின்ற இடத்தில், ஐடிலிங்கில், ஓடும்போது அது மூடியே இருக்க வேண்டும். திறந்துவிட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

குனிந்து பார்த்தால், பழைய அழுக்குத் தடத்தோடு பொருந்தாமல் இரண்டு குழாய்கள் இடம் மாறிச் சொருகியிருந்தன. சரியாக மாட்டினான். எஞ்சின் சீராக ஓடியது. அதற்குள் பொழுது சாய்ந்துவிட, சாப்பிட்டுக் காலையில் கிளம்பலாம் என்றார் மாமியார்.

காலையில் கார் குளிர்காய்ச்சல் வந்ததுபோல உதறியது.

இம்முறை ஒரு குழாயின் வாய் பிளந்திருந்தது. கடைக்கு நடந்துபோய்ப் புதுக்குழாய் வாங்கி வந்து மாட்டினான். சரியானது. மத்தியானச் சாப்பாடு முடித்துத் திரும்பியபோது மறுபடி அணைந்தது. மனைவி போனில் லீவு சொன்னாள். தண்ணீர் வேண்டுமென்று அன்றுதான் மாமனார் மகளிடமே நேராகக் கேட்டார்.

மூன்றாம் நாள் அவன் துணிந்து எல்லாக் குழாய்களையும் கழற்றினான். கடையில் கண்ணாடிகளுக்கு ஒட்டும் நம்பர் சீட்டு சட்டைப்பையில் இருந்தது. குழாய்க்கு ஒரு நம்பர், சொருகும் இடத்துக்கு அதே நம்பர். காப்பி குடித்துவிட்டு வந்து நம்பர் பார்த்து மாட்டினான். கடைசியில் கையில் ஒரு குழாய் மிச்சம். எஞ்சின் ஒரு நேரம் உறுமியது, ஒரு நேரம் முனகியது, அப்புறம் ஸ்டார்ட்டே ஆகவில்லை.

"வைத்தியர் இன்னும் ஆபரேஷன்லதான் இருக்காரா?" என்று மாமனார் வராந்தாவிலிருந்து மகளிடம் கேட்டது அவன் காதில் விழுந்தது. அவள் சிரித்ததும் விழுந்தது. நான்காம் நாள் அப்பாவும் மகளும் கேரம் விளையாட்டில் சிவப்புக் காய்க்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் கிரீஸும் அவமானமுமாகப் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தான்.

ஐந்தாம் நாள் காலை, இனி ஒரு நாள் லீவு போட்டாலும் வேலை போய்விடும் என்று மனைவி எல்லோர் முன்னாலும் சொன்னாள். சிறிது நேரம் கழித்து மாமனார் உள்ளேயிருந்து இழுப்பை அளக்கும் கேஜ் வைத்த ஒரு கைப்பம்பைக் கொண்டுவந்து பானட் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அவன் முதலில் எல்லாக் குழாய்களையும் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து மாட்டினான். எஞ்சின் ஸ்டார்ட் ஆனது, ஆனால் காலை எடுத்தால் பழைய கதைதான். வால்வின் குழாயை உருவி, எஞ்சினை ஓடவிட்டு, பம்பை வால்வில் மாட்டி இழுத்தான். எஞ்சின் தள்ளாடியது. கேஜின் முள் ஏறி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அப்படியானால் வால்வில் ஒழுக்கு இல்லை. காற்றைவிட்டதும் எஞ்சின் நிதானத்துக்கு வந்தது. அடுத்து, உருவிய குழாயின் நுனியில் கேஜை வைத்தான். வண்டி சும்மா நிற்கிறது, இழுப்பே இருக்கக் கூடாது. முள் விறுவிறுவென்று ஏறியது.

"படம் என் காருக்கு முந்தின மாடலோடது," என்றான் அவன், யாரிடமும் இல்லாமல்.

அந்தக் குழாயின் மறுமுனையை, எஞ்சினில் குழாய் சொருகும் மூக்குகளில் எப்போதும் இழுக்கும் மூக்கிலிருந்து பிடுங்கி, ஆக்சிலேட்டர் மிதித்தால் மட்டும் இழுக்கும் பக்கத்து மூக்கில் சொருகினான். முள் விழுந்தது. வால்வில் குழாயை மாட்டினான். எஞ்சின் அணையவில்லை. அரைமணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகராமல், சாப்பாட்டையும் நின்றபடியே சாப்பிட்டு, காவல் காத்தான். எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை.

மாமனார் வந்தார், காது கொடுத்துக் கேட்டார். "பரவாயில்ல மாப்பிள்ளை," என்றார். மூன்று வருடத்தில் அவனோடு அவர் பேசிய முதல் வார்த்தை அது. அவனுக்கு ஒரு சாண் வளர்ந்துவிட்டதுபோல இருந்தது. மகளிடம் அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டு, சட்டென்று உள்ளே போய்விட்டார்.

கேட்டருகே மாமியார் காரின் ஜன்னலில் குனிந்தார்.

"மொத நாளே நீங்க சரியாத்தான் பண்ணீங்க மாப்பிள்ளை," என்றார் ரகசியமாக. "மககிட்ட 'இரு'ன்னு சொல்ல வாய் வராம, நீங்க இந்தப் பக்கம் திரும்பினப்பல்லாம் போய்க் குழாயைப் பிளந்ததும், நம்பரை மாத்தி ஒட்டினதும், குழாயை மாத்தி மாத்திச் சொருகினதும் இந்த மனுஷன்தான்."