சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்ட கார்

திண்டுக்கல்லில் கார் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் காருக்கு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டிய மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மூச்சு சார்.

சாணார்பட்டியில் எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. சின்ன வயதிலிருந்தே அவருக்கு வீசிங் உண்டு. சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, வாயில் வைத்து உறிஞ்சும் பம்பு இருக்கும். அதனாலோ என்னவோ, உலகத்தில் எதைப் பார்த்தாலும் அது மூச்சு விடுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். ஃபைல் கட்டை இறுக்கிக் கட்டியிருந்தால் அவிழ்த்துத் தளர்த்திவிடுவார். விருந்துக்குப் போன வீட்டில் சாம்பார் சட்டியை மூடி வைத்திருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

அவரிடம் ஒரு பழைய டீசல் கார் இருக்கிறது. தினமும் காலையில் அவர், நான், எங்கள் ஓவர்சியர் மூவரும் அதில்தான் சாணார்பட்டிக்குப் போவோம். பஸ்ஸில் நாங்கள் போகலாம். அவர் போக முடியாது. ஒருமுறை கூட்டத்தில் நின்றபடி வந்து, இறங்கும்போது உதடு நீலம் பாரித்து, நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தக் காருக்குப் பதினைந்து வருடம் முடிகிற சமயம் வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, புகை டெஸ்டில் தேறினால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். தேறாவிட்டால் இரும்புக் கடைதான். இன்னொரு கார் வாங்கும் நிலையில் அவர் இல்லை. ரிட்டயர் ஆக மூன்று வருடம் இருக்கும்போதே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இந்த நிலையில் ஒரு மனிதன் என்ன செய்வான்? காரை நல்ல மெக்கானிக்கிடம் விடுவான். மூச்சு சார் போனில் வீடியோ பார்த்தார்.

காருக்குள் காற்று போகிற வழியில் கம்பெனியே ஒரு காகித ஃபில்டர் வைத்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, வெளியே விற்கும் சிவப்பு ஃபில்டர் ஒன்றை மாட்டினால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், பிக்கப் கூடும், மைலேஜ் கூடும், புகை குறையும் என்று யாரோ ஒரு தாடிக்காரர் அந்த வீடியோவில் சொல்லியிருக்கிறார். ஆயுள் முழுக்கக் கழுவிக் கழுவி மாட்டிக்கொள்ளலாமாம். காகிதத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு எந்த உயிராவது ஓடுமா என்று எங்களிடம் கேட்டார். கார் உயிர் இல்லையே என்று ஓவர்சியர் சொன்னதற்கு அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

சிவப்பு ஃபில்டர் வந்தது. மாட்டிய அன்று ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் உள்ளேயிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம். மூச்சு சார் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்.

"கேட்டீங்களா? இத்தன வருசமா எம்புட்டுத் தவிச்சிருக்கும் பாருங்க."

சத்தம் கூடியதென்னவோ உண்மை. வேறு எதுவும் கூடியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல மனம் வரவில்லை.

வினை அந்த டப்பாவோடு வந்த காகிதத்தில் இருந்தது. ஃபில்டரை அவ்வப்போது கழுவ வேண்டும், காய வைக்க வேண்டும், எண்ணெய் விட வேண்டும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. கூடவே ஒரு குட்டி பாட்டிலில் எண்ணெயும் கொடுத்திருந்தார்கள். அதை முகர்ந்து பார்த்த மூச்சு சார், மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது, இதை எந்த மூச்சுக் குழாய் தாங்கும் என்று ஓரமாக வைத்துவிட்டார். கழுவு, எண்ணெய் வை என்று சொன்னால் தமிழ்நாட்டில் அதற்கு என்ன அர்த்தம்? அவருக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். சமையலறையிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் நான் போனபோது வாசலில் ஃபில்டரை மடியில் வைத்துக்கொண்டு, பச்சைப் பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல இண்டு இடுக்கெல்லாம் விரல் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சீயக்காய்க் கிண்ணம். கழுவிக் காய வைத்து, மாட்டுவதற்கு முன்னால் இன்னும் ஒரு கை எண்ணெய். ஏன் சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை ஆகாதா என்று கேட்டேன்.

"வெள்ளிக்கெழம பொம்பளைகளுக்கு. வண்டி ஆம்பள."

"எப்படிச் சார் சொல்றீங்க?"

"பொக விடுதுல்ல."

இதோடு முடிந்ததா? எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பகலில் தூங்கக் கூடாது என்பதால், அன்று மதியம் காரை ஷெட்டில் நிற்க விடமாட்டார். ஆத்தூர் அணை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விட்டு வருவார். குளிர்ச்சி ஆகாதென்று அன்றைக்கு ஏ.சி.யும் கிடையாது. இரண்டொரு தடவை நானும் கூடப் போய் வியர்த்து வழிந்திருக்கிறேன்.

சில வாரங்களில் கார் தோசைக் கடைபோல மணக்கத் தொடங்கியது. அப்புறம் இழுவை போயிற்று. தேங்காய் ஏற்றிய மினி லாரி ஒன்று மேம்பாலத்தில் எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் திரும்பிப் பார்த்தால் கன்னங்கரேலென்று புகை. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் ஓவர்சியரும் அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் மெக்கானிக்கிடம் போனோம். மெக்கானிக் திறந்து தொட்டுப் பார்த்துவிட்டு விரலை முகர்ந்தார்.

"சார், இதுல பணியாரம் ஏதும் சுட்டீங்களா?"

உள்ளே போகும் காற்றை அளக்கிற சென்சார் ஒன்று உண்டாம். ஃபில்டரிலிருந்த எண்ணெய் காற்றோடு போய் அதில் படிந்துவிட்டது. எவ்வளவு காற்று வருகிறதென்று தெரியாமல் கார் கண்டபடி டீசலைக் குடிக்கிறது, அதுதான் புகை என்றார். சென்சாரைச் சுத்தம் செய்துவிட்டு, சிவப்பு ஃபில்டர் புழுதியையும் உள்ளே விட்டுவிடும், பழையபடி காகித ஃபில்டரையே மாட்டுங்கள் என்றார். மூச்சு சார் மாட்டேன் என்றார். எண்ணெயைக் குறைத்துக்கொள்கிறேன் என்றார். குறைத்துத்தான் தேய்த்தார். ஒரு வாரத்தில் திரும்பவும் புகை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மனிதர் தன் வேலைக்குத் தானே எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறாரே என்று வீட்டில் வந்து புலம்பினேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது, சாணார்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காக அவர் மனைவியும் எங்களோடு காரில் வந்தார். நாங்கள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வழியில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். செம்மண் புழுதி மேகமாக எழும்பிக்கொண்டிருந்தது. மூச்சு சார் வழக்கம்போலக் கண்ணாடியை ஏற்றினார், மாஸ்க்கை மாட்டினார், அதற்கு மேல் ஈரக் கைக்குட்டையையும் கட்டிக்கொண்டார். அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒங்க மூக்குல மட்டும் ரெண்டு துணி. வண்டி இந்தப் புழுதி பூராத்தையும் சும்மா குடிக்கணுமா?"

மூச்சு சார் கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மெக்கானிக் சொன்னபோதும் நாங்கள் சொன்னபோதும் ஏறாதது இப்போது ஏறியிருக்க வேண்டும். அவ்வளவு நாளும் காரின் மூச்சைப் பற்றிக் கவலைப்பட்டவர், அது எதை உள்ளே இழுக்கிறது என்று யோசித்ததே இல்லை. காதுகுத்து வீட்டில் அக்காவை இறக்கிவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னார்.

"சாயந்தரம் செத்த நேரம் மெக்கானிக்குட்ட போயிட்டுப் போவோம்."

வாசகர்கள் யாராவது டீசல் காருக்கு இப்படி ஃபில்டர் மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் வேண்டுமென்றால் மாட்டுங்கள். நம் ஊர்ப் புழுதிக்குக் காகிதமே போதும், காலாகாலத்தில் மாற்றினால் சரி. மாட்டித்தான் தீருவேன் என்பவர்கள் தயவுசெய்து நல்லெண்ணெய் பக்கம் போகாதீர்கள்.

மெக்கானிக் சென்சாரைத் துடைத்து, காகித ஃபில்டரை மாட்டிக் கொடுத்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகிற அன்று நானும் ஓவர்சியரும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனோம். புகைக் குழாயில் டெஸ்ட் குழாயைச் செருகி, எஞ்சினை உறுமவிட்டார்கள். மூச்சு சார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்துகொண்டே போனது. ஓவர்சியர்தான் முதலில் கவனித்துவிட்டு, அவர் முதுகைத் தடவினார்.

"சார், மூச்சு விடுங்க சார்."

கார் தேறியது. மூச்சு சார் பம்பை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். கார் தேறியதற்கு, அத்தனை சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து உடம்பில் ஏறிய தெம்புதான் காரணம் என்று திரும்பி வரும் வழியெல்லாம் விளக்கினார். நாங்கள் இருவரும் ஆமாம் என்றோம். எங்கள் தெருமுனையில் இறக்கிவிடும்போது, நாளைக்கு நேரத்தோடு வந்து நில்லுங்கள் என்று அதட்டிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த தீபாவளிக்கு நான் சொந்தமாக ஒரு கார் வாங்கினேன். புதுக் கார், நல்ல ஏ.சி., எந்த வாசமும் கிடையாது. அது பாட்டுக்கு வீட்டு வாசலில் நிற்கிறது. நான் காலையில் தெருமுனையில் போய் நின்றுகொள்கிறேன், மூச்சு சார் வந்து ஏற்றிக்கொண்டு போகிறார்.