கீழ் லயத்துப் பாலாறு

உலக நாகரிகத்தின் வரலாற்றை எழுதும் மேதைகள் நைல் நதியில் தொடங்கி, கங்கையில் இளைப்பாறி, தேம்ஸ் கரையில் போய்ப் பேனாவை மூடிவிடுகிறார்கள். மன்னிக்க முடியாத அவசரம் இது. இன்னும் கொஞ்சம் சிரமப்பட்டு, இலங்கை மலைநாட்டில் ஹல்துமுல்லைக்குக் கீழே மஞ்சப்பாறைத் தேயிலைத் தோட்டம் வரைக்கும் அவர்கள் இறங்கி வந்திருக்க வேண்டும். 1913ஆம் ஆண்டில் ஓர் ஆறு முதன்முதலாக "முன்னேறியது" அங்கேதான்.

அந்த முன்னேற்றத்தை அருகிருந்து கண்டவன் நான். தோட்டத்தின் பெரிய கிளாக்கர்.

அதுவரைக்கும் எங்கள் ஆறு ஒரு வேலையும் செய்ததில்லை. மேலே பாறையில் விழும். துரை பங்களாவைச் சுற்றும். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான கீழ் லயத்தை உரசிக்கொண்டு கொஸ்லந்தப் பக்கம் போய்விடும். கண்டவர்கள் குடித்தார்கள், குளித்தார்கள். அந்த ஆறு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்றதும் இல்லை, ஒரு நாள் பேர் பதிந்ததும் இல்லை. இந்தச் சோம்பேறித்தனம் எங்கள் துரைக்குப் பொறுக்கவில்லை. சீமையிலிருந்து அறுபது மாடுகளையும், பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் இயந்திரம் ஒன்றையும் வரவழைத்தார். பங்களாவுக்குக் கீழே, கீழ் லயத்துக்கு மேலே, ஆற்றங்கரை மரங்களை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டு வெண்ணெய் ஃபாக்டரி எழும்பியது.

மாட்டுக் கொட்டகைகளை ஆற்றுப் பக்கம் சரித்துக் கட்டியதில்தான் துரையின் அறிவு விளங்கும். சாணி அள்ள ஆள் வேண்டாம், ஆறே அள்ளிக்கொள்ளும். ஆடை எடுத்தபின் மிஞ்சுகிற பாலை என்ன செய்வது? லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே என்று யாரோ சொல்லிவிட்டார்கள். துரை நடுங்கிப்போனார்.

"இன்னிக்குப் பால் குடு. நாளைக்கு அவன் ரொட்டி கேக்கும்!"

ஆகவே அந்தப் பாலும், பாத்திரம் கழுவிய தண்ணீரும், புளித்ததும் திரிந்ததும் எல்லாம் ஆற்றுக்கே போயின.

இரண்டே மாதத்தில் ஆறு வெள்ளையாகிவிட்டது. அந்தக் காலத்தில் வெள்ளையாவதைவிடப் பெரிய உத்தியோகம் என்ன இருந்தது? தூண்டில் போட்டும் வராத மீன்கள் தாமாகவே மேலே வந்து வயிற்றைக் காட்டிப் படுத்துக்கொண்டன. நண்டுகள் கரையேறி, குடும்பத்தோடு இடம் பெயர்ந்தன. கற்கள்மேல் விரற்கடை உயரத்துக்கு வழவழப்பாக ஏதோ படர்ந்தது. "நறுமணம்" பற்றி நான் எழுதப்போவதில்லை. காற்று மேல்நோக்கி அடிக்கிற நாளில் பெரகல சந்தியில் நின்றவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட முன்னேற்றத்துக்கு எதிராக ஒரு குரல் கிளம்பியது என்றால் நம்புவீர்களா? கொழுந்தெடுக்கும் ரெங்கம்மாவின் குரல்தான் அது. ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், மூன்று வயது மகள் பாக்கியலெட்சுமியைத் தோளில் போட்டுக்கொண்டு துரைக்கு எதிரே வந்து நின்றாள்.

"தொரைங்களே, பாப்பாவுக்கு ஆறு நாளா வயித்தால போகுதுங்க. ஆத்துத் தண்ணி ஆகலைங்க. மேல் பீலியில தெனம் ரெண்டு கொடம் புடிச்சுக்க உத்தரவு குடுங்க."

மேல் பீலி என்பது ஃபாக்டரிக்கு மேலே, பாறை ஊற்றிலிருந்து மூங்கில் வழியாக விழுகிற தண்ணீர். பங்களாவுக்கும், என்னைப் போன்ற உத்தியோகத்தர் வீடுகளுக்கும், மாடுகளுக்கும் மட்டுமே உரியது. மாடுகள் சீமையிலிருந்து வந்தவை. கண்ட தண்ணீரையும் குடிக்க மாட்டா.

"வெளக்கெண்ணெய் குடு!" என்றார் துரை.

சுகமில்லை என்று பெரட்டில் வந்து நிற்கும் எவருக்கும் எங்கள் தோட்டத்தில் அதுதான் மருந்து. போகாதவர்களுக்கும் அதுதான், நிற்காமல் போகிறவர்களுக்கும் அதுதான். மஞ்சப்பாறையில் நிலவிய ஒரே சமத்துவம் அது.

"அது முந்தாநாளே குடுத்தாச்சுங்க. குடுத்ததுக்கப்பறம்தான் புள்ள கண்ணு சொருகிக் கெடக்கு."

"போ! வேலைக்குப் போ!"

ரெங்கம்மா நகரவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற இருபது பெண்களும் கூடையை இறக்கித் தரையில் வைத்தார்கள். கொழுந்து பொங்கி நிற்கிற மாதம். ஒரு நாள் விட்டாலும் முற்றிவிடும். துரை கூடைகளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"கிளாக்கர்! கமிட்டி போடு!"

அன்று மத்தியானமே கமிட்டி போட்டேன். தலைவர், துரை. மருத்துவ நிபுணர், தோட்டத்து மருந்துக்காரர் சிவஞானம். யாழ்ப்பாணத்திலிருந்து மருந்துப் பெட்டியோடு ஆசாரத்தையும் கொண்டு வந்தவர். "பொதுமக்களின் பிரதிநிதி", பெரகலயில் கடை வைத்திருந்த மொஹிதீன் நானா. எங்கள் வெண்ணெயை அப்புத்தளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகிற வண்டிகள் அவருடையவை. ஆகையால் பக்கச்சார்பு இல்லாதவர். காரியதரிசி, அடியேன்.

கமிட்டி பரிவாரத்தோடு கீழ் லயத்துக்கு இறங்கியது. ஆற்றைக் கடக்கும் இடத்தில் துரையின் குதிரை தண்ணீரை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, காலை வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. சாட்டையால் அடித்தும் அசையவில்லை. குதிரை கமிட்டி உறுப்பினர் அல்லாததால் அதன் கருத்தை நான் பதிவு செய்யவில்லை. துரை அக்கரையில் குதிரைமேல் இருந்தபடியே தலைமை தாங்கினார்.

முதலில் விஞ்ஞானச் சோதனை. ரெங்கம்மா ஒரு குடம் ஆற்று நீரைக் கொண்டுவந்து சிவஞானத்தின் எதிரே வைத்தாள். அவர் மூன்றடி பின்வாங்கினார்.

"உவையின்ர குடத்துத் தண்ணியை நான் எப்பிடித் தொடுறது? எனக்கெண்டு ஒரு ஆசாரம் இருக்கெல்லோ. மேல் பீலியில ஒரு போத்தல் பிடிச்சுக்கொண்டு வரச் சொல்லுங்கோ. தண்ணி எல்லாம் ஒண்டுதானே!"

"தண்ணி ஒண்ணுன்னா, எங்களையும் அங்கயே புடிக்க விட்டுடுங்களேன், ஐயா" என்றாள் ரெங்கம்மா.

"அது வேறை விசயம், பிள்ளை."

மேல் பீலித் தண்ணீர் போத்தலில் வந்தது. சிவஞானம் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்தார், முகர்ந்தார், ஒரு மிடறு குடித்தார். "அருமையான தண்ணி! கீழ் லயத்துத் தண்ணியில ஒரு குறையும் இல்லை" என்று அறிவித்தார். நான் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு வாய் கொடுக்காமல் அனுப்புகிற பழக்கம் லயத்தில் கிடையாது, வந்தது கமிட்டியாகவே இருந்தாலும். உள்ளே பிள்ளை முனகிக்கொண்டிருந்தது. ரெங்கம்மா அதை ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். சிவஞானத்துக்கு ஆசாரம். நான் அப்போதுதான் வீட்டில் குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னேன். மொஹிதீன் நானா மட்டும் மலை இறங்கிய களைப்பில் கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார்.

"மாஷா அல்லாஹ்! என்னா புள்ள, பால இவ்வளவு கட்டியா ஊத்தியிருக்கிறா! எங்கட கடையில கூட இப்பிடி இல்ல!"

"பாலுக்கு நாங்க எங்க நானா போறது? வெறும் தேயிலைச் சாயந்தாங்க. தண்ணிதான் அப்புடி."

நானா இரண்டாவது மிடறை வாயில் எடுத்திருந்தார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அக்கரையிலே துரை இருந்தாரே!

"நானா என்னா சொல்லுது?" என்று துரை கத்தினார்.

"பால் நன்றாக இருக்கிறதாம், சேர்!" என்று நான் கத்தினேன்.

வரலாறு இப்படித்தான் உண்டாகிறது. அங்கேயே ஒரு பாறைமேல் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன்: "கீழ் லயத்தாருக்கு ஆற்றின் வழியாக இரவும் பகலும் பால் வழங்கப்பட்டு வருகிறது. தேநீருக்குத் தனியே பால் சேர்க்கும் அவசியமில்லாத லயம் இத்தீவில் இது ஒன்றே. நீரின் தரம் நிபுணரால் சோதிக்கப்பட்டது. முறைப்பாடு செய்தோர் சத்துணவுக்குப் பழக்கப்படாதவர்கள்." எல்லோரும் கையெழுத்திட்டார்கள். நானா கையெழுத்திட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய கன்னங்கள் இன்னும் உப்பியே இருந்தன.

"அப்ப பீலி, கிளாக்கரையா?" என்று கேட்டாள் ரெங்கம்மா.

"பாலே ஓடுறப்ப தண்ணி எதுக்கும்மா?" என்றேன்.

பிள்ளை முனகுகிற சத்தம் நின்றிருந்தது. அவள் உள்ளே ஓடினாள்.

நான்காம் நாள் பெரட்டுக்கு ரெங்கம்மா வந்தபோது தோளில் பிள்ளை இல்லை. கையில் வெறும் குடம் இருந்தது.

"தொரைங்களே, மேல் பீலியில ஒரு கொடம் தண்ணி வேணுங்க."

"மறுபடியுமா?" என்றேன், துரையின் சார்பில்.

"குடிக்க இல்லைங்க, குளிப்பாட்ட. அந்த நாத்தத் தண்ணியில புள்ளையக் குளிப்பாட்டி அனுப்ப மாட்டேன். போறப்பவாச்சும் நல்ல தண்ணி படட்டும்."

பெரட்டுக் களத்தில் ஒரு கூடைகூட அசையவில்லை. துரை தொப்பியைக் கழற்றினார். அவரை இரக்கமில்லாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

"துண்டு குடு" என்றார் என்னிடம்.

மேல் பீலிக் காவல்காரனிடம் காட்டுவதற்காக அனுமதித் துண்டு எழுதினேன்: "ரெங்கம்மா, கீழ் லயம். ஒரு குடம். இம்முறை மட்டும்." துரை கையெழுத்திட்டார். அவள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையும் பாராமல் மேட்டில் ஏறிப் போனாள்.

மஞ்சப்பாறையில் கீழ் லயத்தாருக்கு நல்ல தண்ணீரே கொடுக்கவில்லை என்று பின்னாளில் சிலர் வதந்தி கிளப்பினார்கள். வடிகட்டின பொய். கொடுத்தோம், என் கைப்பட எழுதிக் கொடுத்தோம். நேரில் வந்து, பணிவாக, முறைப்படி கேட்க வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளை செத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.