சத்தத்துக்கு மார்க் போட்ட கிளவி சார்

எங்கள் தென்காசியில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் ஏராளம். ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். காருக்கு இலக்கணம் பார்க்கத் தெரிந்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் எதிர்வீட்டில் குடியிருக்கிறார்.

ரிட்டையர்டு தமிழாசிரியர். சலசல, கடகட என்று ஜோடியாகவே வரும் சொற்களுக்கு இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்று பெயர் இருக்கிறதல்லவா? அந்தப் பாடம் வந்துவிட்டால் மனுஷன் மேஜையைத் தட்டி, நாற்காலியை இழுத்து, சாவிக்கொத்தைக் குலுக்கி, வகுப்பையே பட்டறை ஆக்கிவிடுவாராம். அதில் வந்த பெயர்தான் 'கிளவி சார்'. வம்பு என்னவென்றால், எங்கள் பக்கத்து நாக்குக்கு ழகரம் வராது. வாழைப்பழத்தையே வாளப்பளம் என்றுதான் உரித்துத் தின்போம். ஆகவே இங்கே கிழவியும் கிளவிதான். ஒருமுறை பார்சல் கொண்டுவந்த ஆள், "இங்கன கிளவி வீடு எது?" என்று வரிசையாக விசாரித்து, மூன்று வீட்டு அம்மாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் சாரிடம் வந்து சேர்ந்தான்.

ஓய்வு பெற்றதும் சார் ஒரு பழைய நீலநிறக் காரை வாங்கினார். வாங்கிய கையோடு, இனி எந்த மெக்கானிக்கும் இதைத் தொடக் கூடாது என்று அறிவித்துவிட்டு, செல்போனில் வீடியோ பார்த்து ரிப்பேர் செய்யத் தொடங்கினார். வீடியோக்காரர் பேசுவது இந்தி. சாருக்கு இந்தியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. கேட்டால், "கை பேசுத பாஷைக்கு எதுக்கு தம்பி அகராதி?" என்பார்.

அப்படி அவர் ஒருநாள் ஹாரனைச் சரிசெய்தார். அன்றிலிருந்து ஹாரனை அழுத்தினால்தான் வைப்பர் ஓடியது. சாரல் காலத்தில் வழிநெடுக ஹாரன் அடித்துக்கொண்டே போகிறவரைப் பார்த்து, இந்த வாத்தியாருக்கு என்ன இவ்வளவு கோபம் என்று ஊரே பேசியது. பாவம், அவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் வண்டியைப் பற்றிப் பேசுவது பரீட்சை எழுதுவது மாதிரி. "சார், என் பைக்ல ஒரு மாதிரி சத்தம் வருது" என்று ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

"ஒரு மாதிரியா? அது சத்தம் இல்ல தம்பி, சோம்பேறித்தனம். முட்டை மார்க்கு! லொடலொடன்னா லூசு. கரகரன்னா தேய்மானம். கொடகொடன்னா தண்ணி. சரியான சொல்லு கெடைச்சிட்டா பாதி ரிப்பேர் முடிஞ்சுது. போயி நல்லா கேட்டுட்டு வாரும்."

நான் போய்க் கேட்டுவிட்டு வந்து "தடதட" என்றேன். முப்பத்தைந்து போட்டுப் பாஸாக்கினார்.

இந்த வருஷம் அவருக்கே பரீட்சை வந்தது. மகள் தமிழரசி கல்யாணமாகி, வருஷக்கணக்கில் கோவிலும் ஆஸ்பத்திரியுமாக அலைந்து, ஒருவழியாகக் குழந்தை உண்டாகியிருந்தாள். புகுந்த வீடு திருநெல்வேலி. வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வரவேண்டும். "பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்ல வச்சு மிதிச்சவன் நான். எம் பிள்ளைய நான்தான் கூட்டிட்டு வருவேன், எங்கார்ல" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

அவர் மனைவி கோமதியக்கா தெருவிலேயே தைரியசாலி. ஆனால் பிறக்கப்போகும் பேரப்பிள்ளை விஷயத்தில் மட்டும் எல்லாவற்றுக்கும் பயம். குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று ஒரு துணித்துண்டுகூட வாங்கக் கூடாது என்று வீட்டில் சட்டமே போட்டிருந்தார். சார் அதற்குத் தலையாட்டி வைத்தார்.

வரும்போது மகளுக்குப் புழுங்கக் கூடாதே என்று, வளைகாப்புக்கு முந்தைய வாரம் ஏ.சி. ஃபில்டரை மாற்ற உட்கார்ந்தார். அது டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்குமாம். பெட்டியைக் கழற்றினார், ஃபில்டரை மாற்றினார், பெட்டியைத் திரும்ப மாட்டினார். மிஞ்சிய ஸ்க்ரூக்களை வழக்கம்போல ஊறுகாய் பாட்டிலில் போட்டார். காரை ஸ்டார்ட் செய்தால், இதுவரை கேட்டிராத ஒரு சத்தம்.

"இந்தச் சத்தத்தோட மாசமான பிள்ளைய ஏத்துவீகளா? நடுவழியில நின்னுட்டா? சத்தம் நிக்கலேன்னா வாடகைக் கார் சொல்லிருவேன்" என்றார் கோமதியக்கா.

சாருக்குச் சோறு இறங்கவில்லை. பானெட்டைத் திறந்து, காதை வைத்து, "சலசல இல்ல. கலகல இல்ல. மொறுமொறுவும் இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே காரைச் சுற்றி வந்தார். தெருவே கூடி ஆலோசனை சொன்னது. ஆயில் குறைச்சல் என்றார் ஒருவர். எலி கூடு கட்டியிருக்கும் என்றார் இன்னொருவர். கடைசியில் வைராக்கியத்தை விட்டு மெக்கானிக் செல்லப்பாவையே கூப்பிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செல்லப்பா எஞ்சினை மேலும் கீழும் பார்த்து, "எஞ்சின் சுத்தமா இருக்கு சார். இது வேற என்னமோ சத்தம்" என்றார்.

"வேற என்னமோன்னா முட்டை மார்க்கு!" என்று சார் கத்த, செல்லப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வளைகாப்புக்கு முதல்நாள். குற்றாலம்வரை ஓட்டிப் பார்த்துவிடுவது, அப்படியும் பிடிபடாவிட்டால் வாடகைக் கார் என்று முடிவானது. சார் ஓட்ட, நான் முன்சீட்டில், கோமதியக்கா பின்சீட்டில். ஒவ்வொரு பள்ளத்திலும் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் சார் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சீசன் நேரம். மெயின் அருவிக்குக் கொஞ்சம் முன்னால், சிப்ஸ் கடைகளும் பொம்மைக் கடைகளும் வரிசையாக இருக்கும் இடத்தில் வண்டிகள் அசையாமல் நின்றுவிட்டன. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்த ஒரு கூட்டம் எங்கள் காரில் உரசிக்கொண்டு போனது. இதுதான் சமயம் என்று சார் எஞ்சினை நிறுத்திக் காதைத் தீட்டினார். சத்தம் நிற்கவில்லை. சார் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தம்பி! எஞ்சின அணைச்ச பொறவும் வருதே! இது எந்த ஊரு அநியாயம்?"

கோமதியக்கா ஜன்னலை இறக்கினார். "கண்ணத் தொறந்து பாருங்க. அந்தா, அந்தக் கடைக்காரரு கிலுகிலுப்பைய ஆட்டிக்கிட்டு நிக்காரு." அப்புறம் அவரே தலையைச் சாய்த்து யோசித்தார். "ஆனா நம்ம கார்லயும் இதே சத்தம்தான வருது? கிலுகிலுன்னு?"

நான் சாரைப் பார்த்தேன். அகராதியையே கரைத்துக் குடித்தவர், மனைவி சொன்ன அந்தக் கிளவியை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். எஞ்சினைக் கிளப்பி, காரை மெல்ல ஓரங்கட்டினார். டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, பின்னாலிருந்த சந்தில் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். வெளியே வந்தது, சிவப்பும் பச்சையும் பூசிய ஒரு மரக் கிலுகிலுப்பை.

"போன மாசம் இதே கடையில வாங்கினேன்" என்றார் சார், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "ஒனக்குத் தெரியாம, சத்தம் வராம, பெட்டிக்குள்ள பழந்துணிக்கு அடியில வச்சிருந்தேன். ஃபில்டர் மாத்துத அன்னைக்குப் பாத்தா காணோம். நீதான் கண்டுபிடிச்சு எடுத்துட்டேன்னு நெனச்சேன். அதான் வாயத் தொறக்கல."

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டோமே, இறங்கி அருவிக்கு ஓடிவிடலாமா என்று நான் கதவைப் பார்த்தேன். கோமதியக்கா கையை நீட்டினார். சார் கொடுத்தார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருமுறை ஆட்டினார். மறுபடி ஆட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் முந்தானையால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

"பிள்ளை பொறக்குத வரைக்கும் இது வீட்டுக்குள்ள வரக் கூடாது. எங்க இருந்துச்சோ அங்கனயே போடுங்க."

"அப்போ சத்தம் கேக்குமே, கோமதி?"

"கேட்டுட்டுப் போவுது. மெதுவா ஓட்டுங்க, போதும்."

மறுநாள் சாயங்காலம் நான் வாசலிலேயே நின்றேன். தெருமுனையில் நீலக் கார் திரும்பியது. மாட்டுவண்டிகூட முந்திவிடும், அவ்வளவு மெதுவாக வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கேட்டது அந்தச் சத்தம். கை நிறைய வளையலோடு தமிழரசி இறங்கினாள். "அண்ணா, அப்பா கார்ல வழியெல்லாம் ஏதோ சத்தம். கேட்டா, 'எஞ்சின் அப்படித்தான்டி'ன்னு அம்மா சொல்லுதா. அப்பா வாயே தொறக்க மாட்டங்காரு!" என்று என்னிடம் புகார் சொல்லிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

சார் காரைப் பூட்டிவிட்டு என் பக்கம் வந்தார்.

"தம்பி, நல்லா கேட்டுச் சொல்லும். வண்டியில என்ன சத்தம்?"

"கிலுகிலு, சார்."

"நூத்துக்கு நூறு" என்றார். அழுதுகொண்டே மார்க் போடுகிற வாத்தியாரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.