மருமகளை இப்போது அனுப்புவதற்கில்லை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே கிடங்கு மண்ணைத் தவிர மற்ற அனைவரும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்க வேண்டும். தங்கள் கோபம் மட்டும் கொஞ்சம் இளைத்தால் நல்லது.

தங்கள் கடிதம் கிடைத்தது. "நுண்ணுயிர்ப் படிப்பில் பதக்கம் வாங்கிய பெண்ணை எண்ணெய்ச் சேறு கிண்ட விட்டிருக்கிறீர்கள், உடனே அனுப்பி வையுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். கிண்டுவது நான். தங்கள் மகள் நிழலில் நின்றுகொண்டு, "மாமா, அந்த மூலையை விட்டுட்டீங்க" என்கிறாள். வாழ்நாள் முழுக்க ஆட்களை வேலை வாங்கியவன் நான். என்னை வேலை வாங்க ஒருத்தியைத் தாங்கள்தான் வளர்த்து அனுப்பினீர்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பழைய இன்ஜின் ஆயில் வாங்கி விற்கிற கிடங்கில் பீப்பாயை உருட்டினால் சிந்தத்தான் செய்யும்; மண் குடித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்றுதான் எங்கள் தொழிலில் எல்லோரும் நினைப்பது. முடியவில்லை. பின்வீட்டுத் தையல்காரம்மா தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "குடிங்க" என்றார். மோந்து பார்த்தேன். என் சரக்கு எனக்குத் தெரியாதா? "நீங்களே குடிக்க மாட்டேங்கிறீங்க. என் பிள்ளைங்க மட்டும் குடிக்கணுமா? இப்படியே போனா மெஷினைத் தூக்கிக்கிட்டு நான் வேற தெரு பார்க்கணும்" என்றார். கடன் கேட்க வந்தவர்கள், சண்டைக்கு வந்தவர்கள் என்று எத்தனையோ பேரைப் பேசியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தச் சொம்பைப் பேசி அனுப்ப முடியவில்லை.

அன்றே அவர் வீட்டுக்கு என் குழாயிலிருந்து தண்ணீர் இழுத்துக் கொடுத்துவிட்டு, லாரிக்காரரைக் கூப்பிட்டேன். "மண்ணை மொத்தமா அள்ளி ஊருக்கு வெளியே கொட்டிடறேன்" என்றார். "ஊருக்கு வெளியேன்னா எங்க?" என்றேன். "அடுத்த ஊர்லதான்" என்றார். பின்னாலிருந்து தங்கள் மகள், "அங்கயும் கிணறு இருக்குமே மாமா" என்றாள். "அப்ப நீயே ஒரு வழி சொல்லு" என்றேன், வாய் தவறி. சொன்னாள். எங்கள் மண்ணிலேயே எண்ணெயைத் தின்கிற நுண்ணுயிர்கள் இருக்கின்றனவாம். சிந்தியதைத் தின்றே பழகியவையாம். காற்று, ஈரம், கொஞ்சம் உரம் கொடுத்தால் மிச்சத்தையும் தின்னுமாம். "தின்னுட்டு?" என்றேன். "பெரும்பாலும் காத்தாவும் தண்ணியாவும் போயிடும்" என்றாள். சம்பளம் கேட்காத, லீவு போடாத ஆட்கள் இத்தனை காலம் என் காலடியிலேயே அரைகுறை வேலையில் இருந்திருக்கிறார்கள் என்றால் ஒரு வியாபாரிக்கு எப்படி இருக்கும்! பீப்பாய் நிற்கிற இடத்துக்கெல்லாம் சிமெண்ட் தளம் போட்டேன், ஒரு சொட்டு கீழே போகாது. கெட்ட மண்ணை அள்ளி, தடித்த ஷீட் விரித்து, அதன்மேல் பாத்தியாகப் பரப்பினேன்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. புது ஆள் யார் வந்தாலும் முதலில் வயிறாரச் சோறு போட்டுவிட்டுத்தான் மூட்டையைத் தொட விடுவேன். அது என் வழக்கம். தங்கள் மகள் வெளியே போன நேரம் பார்த்து, வெல்லப்பாகை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றினேன். மண் நுரைத்தது. "பாரு, எப்படி வேலை பார்க்கிறானுங்க!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது வேலை பார்க்கிற வாசனையா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். மருமகள் வந்தாள், பார்த்தாள், தலையில் கை வைத்தாள். "இனிப்பு கெடச்சா எவன் மாமா எண்ணெயைத் தொடுவான்?" அவள் படித்த கல்லூரி ஆய்வகத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்த்தால் எண்ணெய் வைத்தது வைத்தபடி இருக்கிறது, என் விருந்து மட்டும் காலி. இப்படி என்னை ஏமாற்றிய ஆட்களை நான் கண்ணால் கண்டதில்லை, இவர்களையும்தான் காணவில்லை.

சரி, போகட்டும் என்று இருந்தால் மழை வந்தது. ஆட்கள் நனையக் கூடாதே என்று தார்ப்பாயை இழுத்து மூடி, சுற்றிலும் கல் வைத்து, மழை விட்ட பிறகும் பாசத்தில் அப்படியே விட்டுவிட்டேன். திறந்தபோது அழுகின முட்டை நாற்றம். "மூச்சுத் திணறடிச்சுட்டீங்க மாமா. மேல்கூரை போடுங்க, போர்வை போடாதீங்க" என்றாள். "இந்த மனுஷன் என்னைக்கூட இப்படிப் பார்த்துக்கிட்டதில்ல" என்றாள் என் மனைவி.

இப்போது தங்கள் மகள் சொல்லுக்கு ஒரு பிடி கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. கிண்டு என்றால் கிண்டுகிறேன், தெளி என்றால் தெளிக்கிறேன். பிசுபிசுவென்று கையில் ஒட்டிய மண் உதிர ஆரம்பித்திருக்கிறது. லேசான எண்ணெய் போய்விட்டதாம். கெட்டியானது அடம்பிடிக்குமாம், மெதுவாகத்தான் கரையுமாம். அது பிடிக்கட்டும், நானும் பிடிப்பேன். தையல்காரம்மா தன் கிணற்றுத் தண்ணீரைத் தன் பிள்ளைகளுக்குத் தயங்காமல் கொடுக்கிற நாள் வரைக்கும் நான் விடப்போவதில்லை. ஆகவே மருமகளையும் அனுப்புவதற்கில்லை. சம்பந்தம் கசந்தாலும் சரி என்றுகூட ஒரு வரி எழுதினேன். அதை அடித்துவிடச் சொன்னாள் மனைவி. அடித்துவிட்டேன். ஆனால் தாங்கள் படித்துவிடுவீர்கள் என்று தெரியும், லேசாகத்தான் அடித்திருக்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் நோய் நொடி அண்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கையில் கொப்புளத்துடன்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: பிழை பார்க்கச் சொல்லி இதை மருமகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நான் வெள்ளிக்கிழமை கிளம்புறேன் மாமா. கிண்டுறதுல நீங்க தேறிட்டீங்க, மண்ணுலயும் கிணத்துத் தண்ணியிலயும் மாதிரி எடுத்து அனுப்புங்க, அங்கிருந்தே பார்த்துச் சொல்றேன்" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதில் அனுப்ப மாட்டேன் என்ற பகுதியைத் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். ஓய்வுக்கு வருகிறாள் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். தங்கள் லாரி ஷெட்டுக்குப் பின்சுவர் ஓரம் பழைய ஆயிலைக் கொட்டுகிறீர்களாமே, சின்ன வயதிலிருந்தே அவள் கண்ணில் அது உறுத்துகிறதாம். எண்ணெய் தின்று பழகின ஆட்களோடு நம் மண்ணில் இரண்டு மூட்டை கட்டியாகிவிட்டது. "அங்க யாரும்மா கிண்டுறது?" என்று கேட்டேன். "மாமாவையே கிண்ட வெச்சேன், அப்பாவை விடுவேனா?" என்றாள். தங்கள் உயரத்துக்கு ஏற்ற காம்பாகப் பார்த்து ஒரு மண்வெட்டி வாங்கி வையுங்கள். இடுப்புக்கு எந்தத் தைலம் பிடிக்கும் என்று என்னைக் கேளுங்கள்.