தலை இல்லாத இரண்டு முயல்கள்

மால்டா, பங்குக் கோயில் வீதி,
இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை.

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் வென்சு அவர்களுக்கு, கோயில்பிள்ளை சால்வு வணங்கி எழுதிக்கொள்வது.

சர்வேசுரனுடைய கிருபையினாலும் தேவமாதாவின் மன்றாட்டினாலும் கோசோத் தீவில் தாங்களும் தங்கள் ஆடுகளும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை ஜன்னாவின் முழங்கால் முன்னைக்குத் தேவலை. எங்கள் மகள், தங்கள் மருமகள் ரீத்தா, புதன்கிழமை மாலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. நானும் நலம் என்று எழுதினால் அது பொய்யாகும். ஒரு கடிதத்தில் ஒரு பொய்க்குத்தான் இடம் உண்டு. அதையும் தங்களிடமே கேட்டு வாங்கவேண்டிய நிலையில் இருக்கிறேன். படகுக்காரர் கெலு இதைக் கொடுத்ததும், தாமதியாமல், நாளை மாலைப் படகில் எனக்கு இரண்டு முயல் தலைகள் அனுப்பிவைக்க வேண்டும். காட்டு முயலின் தலைகளாயிருக்க வேண்டும். தோலுரித்தவையா, உரியாதவையா என்பதைத் தங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். ரீத்தாவை மணக்கவிருக்கும் மவுருவின் தகப்பனார் நார்டுவைத் தாங்கள் அறிவீர்கள், கல்வெட்டாங்குழியில் வேலை செய்கிறவர். திருநாளுக்கு முந்தின மாலை அவர்கள் குடும்பம் நம் வீட்டில் முயல் விருந்து உண்பது என்றும், வரும் ஞாயிறு பூசையில் இருவருக்கும் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிப்பது என்றும் ஏற்பாடு. கூண்டு முயல் போதும் என்றாள் ஜன்னா. நார்டுவோ செம்பழுப்பு முயல் நாயை வளர்க்கிறவர், கூண்டு முயலைத் தின்பது தலையணையைத் தின்பது போல என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர். ஆகவேதான் அறுபத்து நான்கு வயது வரை மெழுகுதிரியையும் மணிக்கயிற்றையும் தவிர வேறொன்றையும் பிடித்தறியாத நான், வளைக்குள் புகுந்து முயலை விரட்டும் தங்கள் வேட்டைக் கீரி பெர்லாவை இரவல் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை முதற்பூசை முடிந்ததும் அவளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பாறைச்சரிவுக்குப் போனேன். தாங்கள் சொன்னபடியே வளைவாய்களைத் தேடித் தேடி வலை போர்த்தினேன். பாறைகளையே சின்ன உயிர்களுக்கு அரணாகக் கொடுத்த கர்த்தரை நினைத்தேன், அந்த அரணுக்குள் நானே ஒரு பகைவனை அனுப்புகிறேனே என்றும் நினைத்தேன், அனுப்பினேன். நிலத்துக்குள் தடதடவென்று சத்தம். முதல் முயல் வலையில் வந்து விழுந்தது. இரண்டாவது என் மடியிலேயே விழுந்தது. தாங்கள் காட்டிக்கொடுத்தபடி கழுத்தைப் பிடித்து இழுத்து இரண்டையும் முடித்தேன், கண்ணை மூடிக்கொண்டு. அதோடு பெர்லா வெளியே வந்திருந்தால் நான் இன்று இந்தக் கடிதம் எழுதவேண்டியிருக்காது. அவள் மூன்றாவது முயலை உள்ளேயே பிடித்து, உண்டு, உறங்கிவிட்டாள். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு தேவமாதாவின் பிரார்த்தனை முழுவதையும் வளைக்குள் தலையை விட்டுச் சொன்னேன். பிறகு, எழுதவே கூச்சமாக இருக்கிறது, "ஏண்டி, தூங்குறதுக்கா உன்ன கடல் தாண்டிக் கூட்டிட்டு வந்தேன்? ஒழுங்கா வெளிய வந்துரு" என்றும் சொன்னேன். மத்தியானம் தாண்டித்தான் வந்தாள், வந்ததும் என் கட்டைவிரலைக் கடித்தாள். அவள் சுகம். விரலும் சுகம். ஆனால் அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கவில்லை. வயலில் இருந்தவர்கள் மணிக்காகக் காத்து ஒன்றரை மணி வரை சாப்பிடாமல் நின்றார்களாம். அதைவிடப் பெரிய தீங்கு இன்னொன்று: நம் கோயில் பூனை கர்தினால், அந்த மணியைக் கேட்டுத்தான் என்னிடம் மீன்தலை வாங்க வரும். மணியும் இல்லை, நானும் இல்லை. அன்று போனது இன்று வரை திரும்பவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து முற்றத்தில் முயல்களைச் சுத்தம் செய்தேன். ஜன்னா அடுப்படிச் சன்னலில் நின்றபடி பாடம் நடத்தினாள்: "வயித்த அமுக்கி மூத்திரத்த எறக்குங்க மொதல்ல. கத்திய ஆழமா விடாதீங்க. ஈரல்ல ஒட்டிக்கிட்டு ஒரு பச்சப் பை இருக்கும், அத ஒடச்சீங்கன்னா சம்பந்தி சாகுற வரைக்கும் கசப்பப் பத்தியே பேசுவாரு." பையை உடைக்காமல் எடுத்தேன். பின்னங்கால் கணுவைச் சுற்றிக் கீறி, குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல் தோலைத் தலைப்பக்கமாக இழுத்தேன்; அது ஒன்றுதான் அன்று எனக்குச் சுலபமாக வந்தது. பிறகு ஜன்னா சிவப்பு ஒயின் வாங்கக் கடைக்குப் போய்விட்டாள். காட்டுத் துளசி மணம் வீசும் அந்த இறைச்சியை அவளுடைய பெரிய வெள்ளைத் தட்டில் எடுத்து வைத்தேன். இரண்டு தலைகளும் தட்டின் விளிம்பில் சாய்ந்து என்னைப் பார்த்தன. மைத்துனரே, அரசன் தலையை வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தானே, அந்த ஸ்நாபக அருளப்பர் பிறந்த திருநாள் கழிந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அந்தத் திருநாளுக்கு அவருடைய சுரூபத்தைத் துடைத்த நான், தட்டில் வைத்த தலையை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? இரண்டையும் வெட்டினேன், பாதங்களையும் வெட்டினேன், அத்திமரத்தடியில் குழி தோண்டி அடக்கம் செய்தேன். செபம் சொல்லவில்லை, முயலுக்கு ஆத்துமம் உண்டா என்ற தர்க்கத்தில் அந்த வெயிலில் நுழைய எனக்குத் தெம்பில்லை.

ஜன்னா வந்தாள். தட்டைப் பார்த்தாள்.

"தல எங்க?"

"அடக்கம் பண்ணிட்டேன்."

"என்னது?"

நான் அருளப்பரைப் பற்றி விளக்கினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நாப்பது வருசமா இந்த ஊர்லதான இருக்கீங்க? தலையில்லாம உரிச்சு வச்சா முயலுக்கும் பூனைக்கும் என்னங்க வித்தியாசம்? கசாப்புக்கடைக்காரன்கூட தலையோடதான தொங்கவிடுறான்?" கோயில்பிள்ளை வீட்டில் யார் அப்படி நினைப்பார்கள் என்றேன். மண்ணில் புதைத்ததை எடுத்துச் சட்டியில் போட முடியாது. இருப்பதை எட்டு எட்டுத் துண்டாக்கி, பூண்டும் பிரிஞ்சி இலையும் ஒயினும் சேர்த்து ஊறவைத்தாள்.

புதன் மாலை நார்டுவும் அவர் மனைவி மரீரோசும் மவுருவும் வந்தார்கள். நாய் ஸ்பிருவும் வந்து முற்றத்தில் படுத்துக்கொண்டது. முயல் சாறு ஊற்றிய ஸ்பகெட்டியை முதலில் பரிமாறினோம். நார்டு இரண்டு முறை வாங்கினார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்து ஜன்னா இறைச்சிச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். நார்டு கரண்டியை விட்டுத் துழாவினார். அடியிலிருந்து ஒருமுறை, ஓரத்தில் ஒருமுறை.

"தல எங்க, சம்பந்தி? தல எனக்குத்தான, விருந்தாளிக்கு?"

"தொடை எடுத்துக்கோங்க, நல்ல சதை" என்றேன்.

"ரெண்டு முயலு. ஒரு தலகூட இல்ல." கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரிஞ்சு தலையில்லாம சட்டிக்கு வர்றது ஒண்ணுதான்."

மரீரோஸ் தன் தட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "நம்ம சாமியாரு காலப் பூசையில கேட்டாரே, கர்தினால யாராவது பாத்தீங்களான்னு."

மைத்துனரே, கிழவர் ஈசாக்குக்கு வேட்டை இறைச்சி என்று சொல்லி ஆட்டுக்குட்டியை ஊட்டிய இளைய மகனைப் பற்றி வேதத்தில் எத்தனை முறை வாசித்திருப்பேன். அந்த வஞ்சகனின் இடத்தில் நான், ஒரு குற்றமும் செய்யாமல், கையில் வேட்டைக் கீரியின் பற்குறியோடு உட்கார்ந்திருந்தேன். அத்திமரத்தடியில் இருக்கிறது, காட்டுகிறேன் என்று எழுந்தேன். எல்லாரும் விளக்கோடு பின்னால் வந்தார்கள். குழி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

நார்டு தொப்பியை எடுத்துக்கொண்டார். "சால்வு, நீங்க கோயில் மனுசன். நான் ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கெழமக்குள்ள அந்தத் தலைய என் கண்ணுல காட்டுங்க, ஓல வாசிக்கட்டும். இல்லேன்னா வேணாம். பூன திங்குற வீட்டுல என் பையன் பொண்ணெடுத்தான்னு கல்லுக்குழில நாளைக்கே பாட்டுக் கட்டுவானுங்க." மவுரு பாவம், ரீத்தாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். நாய் எங்கே போயிற்று என்று அவர்கள் விசில் அடித்துத் தேடிக்கொண்டே போனார்கள்.

திருநாளன்று வீதியில் மூன்று பேர் என்னைப் பார்த்து மியாவ் என்றார்கள். ஒருவர் பாடற்குழுவில் என் பக்கத்தில் நிற்பவர். ரீத்தா அறைக்கதவைத் திறக்கவில்லை. ஆகவே நாளை மாலைப் படகில் அந்த இரண்டு தலைகள் வந்தேயாக வேண்டும். அவற்றை நார்டுவின் மேசையில் வைப்பேன், வாய் திறக்கமாட்டேன். பேசாமல் வைத்தது பொய்யாகுமா என்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்டுக்கொள்வேன், ஆனால் ஓலை வாசித்து முடிந்த பிறகு. பெர்லாவையும் கெலுவிடமே அனுப்புகிறேன்.

தங்கள் வீட்டு வாசலையும் வலைகளையும் ஆண்டவர் காப்பாராக. எங்கள் மூவரையும் தங்கள் செபத்தில், குறிப்பாக நாளை மாலைவரை, நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சால்வு.

பின்குறிப்பு: தலைகளை அனுப்ப வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் நார்டு வந்தார், மனைவி மகனோடு. ஸ்பிரு இன்று காலை இரண்டு முயல் தலைகளையும் ஒரு பாதத்தையும் மரீரோசின் படுக்கையில், அவள் தலையணைமேல், கொண்டுபோய் வைத்ததாம். நார்டு என் இரு கைகளையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். ஞாயிறு ஓலை உறுதி. ரீத்தா சிரித்தாள், சாப்பிடவும் உட்கார்ந்தாள். சமாதானத்துக்கு அடையாளமாக நார்டு செவ்வாய் மாலை தாமே பிடித்து, ஊறவைத்து, சமைத்த ஒரு முயல் சட்டியைக் கொண்டுவந்திருக்கிறார். எல்லாரும் மேசையில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி உண்ணலாமா என்பதையும் பாவசங்கீர்த்தனத்திலேயே கேட்டுக்கொள்வேன். நான் கரண்டியை விட்டுத் துழாவினேன், அடியில் ஒருமுறை, ஓரத்தில் ஒருமுறை. தலை தட்டுப்படவில்லை. வாயைத் திறந்தேன், ஜன்னா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். ருசி நன்றாகவே இருக்கிறது. கர்தினாலை இன்னும் காணவில்லை.